இருபத்தாறு

கேள்வி ஏழு டேப்லெட்டில் ஆங்கிலத்தில் இருந்தது:
ஹவ் ஆஃபன் டு யூ ஈட் அவுட்?
படிவத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் எனக்கு.
மொழிபெயர்ப்புக்குத் தனியாக எதுவும் இல்லை.

"மாசத்துல எத்தனை தடவை வெளியே சாப்பிடுவீங்க?"

கொழுந்துச் சாக்கை இறக்காமலே
சிவபாக்கியம் சொன்னார்:
"இருபத்தாறு.
ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுல."

கோத்தகிரிக்கு ஆறு கிலோமீட்டர் கீழே
பதினாலாம் நம்பர் காடு.
எந்த வகை உணவகம் என்றது கேள்வி எட்டு.
அவர் சில்வர் ஓக் மரத்தைக் காட்டினார்.
அடியில் மூன்று கல், கருகிய தகரம்,
தாழ்ந்த கிளையில் தூக்குவாளிகள்,
மூடியில் பெயிண்டால் எழுதிய இனிஷியல்கள்.

யாருடன் செல்வீர்கள்?
குடும்பம், நண்பர்கள், அலுவலகத்தினர்.
"அட்டை" என்றாள் ரூத்மேரி, கணுக்காலைச் சொறிந்தபடி.
"போன மாசம் காட்டெருமை ஒண்ணு.
அதுக்கு நாங்க எடம் விட்டுட்டோம்."

முதல் கேள்வியின் 'வெளியே'க்கே
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி:
"அந்த வெளியேக்கும் இதே காடுதான் தம்பி."
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

சராசரிச் செலவு.
பூஜ்யம் போட்டேன். பெட்டி சிவந்தது.
சரியான தொகையை உள்ளிடவும்.
மறுபடி பூஜ்யம். மறுபடி சிவப்பு.
சிவபாக்கியம் எட்டிப் பார்த்தார்:
"அட்டைக்கு வைக்கிற உப்பு, பொகையிலை
ரெண்டு ரூபா ஆகும். போட்டுக்குங்க."
போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

மூடியில் கொஞ்சம் சோறு தந்தார்கள்,
ஆறிப்போன அவரைக் குழம்போடு.
நின்றுகொண்டே தின்றேன்.
மஞ்சு இறங்கி
எதிரில் இருந்தவர்கள் மறைந்துபோனார்கள்.
குரல் மட்டும் கேட்டது:
"இன்னும் கொஞ்சம் போடவா?"

ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மெஸ்ஸில்
இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்.
நாலு சுவர். டியூப்லைட்.
டிவியில் எந்த ஊர்க் கடலோ.
எதிர் நாற்காலியில் என் பை.
கேள்வி ஏழுக்கு
நான் என்ன போடுவேன் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஒருவர்
வருவதா போவதா என்று
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கல்லாவிலிருந்து சத்தம் வந்தது:
"உள்ள வந்து கதவைச் சாத்துங்கண்ணே,
வெளிய குளிருது."