ஒற்றை இலக்க வீடுகள்

வீடு விற்பது என் தொழில்.
வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
கூரைக்கு எத்தனை வயசு,
நிலக்கீழ் அறையில் ஈரம் ஏறுமா,
எல்லாவற்றுக்கும் பதிலோடுதான் வருகிறேன்.
கார்க் கதவு சாத்த முன்பே கேட்டுவிடுவார்கள்:
"அக்கா, இது எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள வருது?"

இந்தக் கிழமை, வின்னிபெக்கிலிருந்து
கேதாரநாதன் குடும்பம்.
வேலை ரொறன்ரோவுக்கு மாறிவிட்டது.
மார்ச் விடுமுறை முடிவதற்குள்
மார்க்கமும் ஏஜக்ஸும் ஸ்காபரோவும்
பார்த்து முடிக்க வேண்டும்.
மஞ்சுளாவின் மடியில் ஒரு கொப்பி.
பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம்.
பத்துக்கு எட்டரை.
பத்துக்கு ஆறு.
பிரெஞ்சு வகுப்பு உண்டு, பதியும் நாள் போய்விட்டது.
கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, பஸ் இல்லை.
ஓரங்களில் கேதாரநாதனின் கையெழுத்தில் வீட்டு விலை.
எட்டரைக்குப் பக்கத்தில் மட்டும்
பேனை தாளைக் கிழித்திருக்கிறது.

பின் இருக்கையில் வாரணி.
கடைசி ஒரு வருசத்துக்கு மட்டும்
அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேணும்.
பிறகு?
"இங்கயிருந்து யூனிவர்சிற்றிக்கு எத்தனை நிமிசம்?"
அப்பா என்னைக் கேட்கிறார்.
"அங்கயே தங்கினா எத்தனை டொலர்?"
அவளும் என்னைத்தான் கேட்கிறாள்.
நான் இடப்பக்கம் சிக்னல் போடுகிறேன்.

"யூனிவர்சிற்றி இல்லையப்பா, கொலிஜ்.
விமானம் திருத்துற படிப்பு. ரெண்டு வருசம்."
கொலிஜ் என்ற சொல்
சீற்றுக்கு அடியில் விழுந்த சில்லறை மாதிரி
உருண்டு போய் எங்கோ நிற்கிறது.
ஒருவரும் குனிந்து தேடவில்லை.
கொப்பியில் அதற்குப் பக்கம் இல்லை.

பிறகு அந்தத் தெரு.
இரட்டை இலக்க வீடுகளுக்கு எட்டரை,
ஒற்றை இலக்க வீடுகளுக்கு ஆறு.
நடுவில் உப்புத் தூவின தார்,
பனி அள்ளும் வண்டி
இரண்டு பக்க வாசலையும் ஒரே மாதிரித்தான் மூடிவிட்டுப் போயிருக்கிறது.
எழுபதாயிரம் டொலர் அகலமான தெரு.
"ஆர் கீறின கோடு இது?" கேதாரநாதன் சிரித்தார்.
கூட்டத்தில் யாரோ ஒருவரிடம்
பென்சில் இருந்திருக்கும் என்றேன்.

பத்தொன்பதாம் இலக்கத்தில் நான் இருக்கிறேன்.
அதைச் சொல்வதில்லை, வியாபாரத்துக்கு ஆகாது.
என் மூத்தவன் ஆறில் படித்தவன்.
என்ன செய்கிறான் என்று கேட்டால்
நல்லா இருக்கிறான் என்பேன்.
உண்மைதான்.
அதற்குப் புள்ளி போட ஆளில்லை.

சின்னவன் ஓவியனுக்குக் கால் உளைந்தது.
ஆறின் மைதானத்தோரம் காரை நிறுத்தினேன்.
விடுமுறை, கதவெல்லாம் பூட்டு.
வேலிக்குப் பின்னால் குவித்த பனியில்
நாலைந்து பொடியள்
பிரிட்ஜ் வந்த பெட்டியின் மட்டையில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
இவன் போய் நின்றான்.
பெயர் கேட்கவில்லை, எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை,
மூக்கு ஒழுகிய ஒருவன்
மட்டையை நீட்டினான்.
மஞ்சுளா கண்ணாடியின் புகாரைத் துடைத்துப் பார்த்தாள்.
மறுபடி புகார் பிடித்தது.
மறுபடி துடைத்தாள்.
கொப்பியில் எதுவும் எழுதவில்லை.

அன்று இரவே இரட்டை இலக்கம் ஒன்றுக்கு
விலை எழுதிக் கொடுத்தார்கள்.
கையெழுத்து இருபத்திரண்டு இடத்தில்.
மஞ்சுளாவின் கை ஏழாவது இடத்தில் கொஞ்சம் நின்றது,
பிறகு ஓடியது.

நான் சப்பாத்து மாட்டும்போது
வாரணி வாசலுக்கு வந்தாள்.
"அன்ரி, அந்தக் கொலிஜுக்கு
இங்கயிருந்து எப்பிடிப் போறது?"
இரண்டு பஸ், ஒரு ரயில், ஒன்றேமுக்கால் மணித்தியாலம்.
என் கார்ட்டைத் திருப்பி
என் படம் இல்லாத பக்கத்தில்
பஸ் இலக்கங்களை எழுதிக் கொடுத்தேன்.