தொடர்ச்சி பார்ப்பவள்

அசாபாவில் படப்பிடிப்பு என்றால்
முதலில் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக்
கெஞ்ச வேண்டும்.
அது வேறொருவர் வேலை.
என் வேலை நோட்டுப் புத்தகம்:
தம்ளரில் தண்ணீர் எந்த மட்டம்,
காதணி ஒன்றா இரண்டா,
அழுதபோது கைக்குட்டை எந்தக் கையில்.
காட்சிக்குக் காட்சி உலகம் மாறிவிடாமல் காவல்.
பதினேழு வருடம்.

இந்தப் படத்து நாயகிக்கு அரிவாள் அணு நோய்.
ரத்தத்தில் வட்டமாக ஓட வேண்டியவை
அரிவாளாக வளைந்து
ஒன்றில் ஒன்று மாட்டி வழியடைக்கும்.
முப்பத்தெட்டாம் காட்சியில் மோதிரம்.
முப்பத்தொன்பதில் பரிசோதனைச் சீட்டு.
அறுபத்திரண்டில் சாகிறாள்,
வெள்ளை உடையில், ஜன்னலோரம்,
இருபத்திரண்டு வயதில்.

நான் கணக்கு வைத்த வரையில்
இது என் ஆறாவது சாவு.
எனக்கு நாற்பத்து மூன்று.
எனக்கும் ஒரு சீட்டு வந்தது;
அதைப் படித்துவிட்டுப் பாலம் கடந்து ஒனிச்சா போனவர்
இன்னும் திரும்பவில்லை.
செட்டில் யாருக்கும் தெரியாது.
இந்த வெயிலில் கம்பளிக் காலுறை எதற்கு என்றால்
கொசு என்பேன்.
மாத்திரைகள் பேனா டப்பாவில்.

கெவ்வே நல்ல நடிகை.
மூன்றாம் டேக்கில் இடது முழங்காலைப் பிடித்துக் கத்தினாள்.
நான்காவதில் வலது.
"கால் மாறிவிட்டது" என்றேன்.
இயக்குநர் எபுபே சிரித்தார்.
"வலிக்கும்போது எந்தக் கால் என்று யார் பார்ப்பார்கள்?"

அது பார்க்கும், ஐயா.
அதன் நோட்டு என்னுடையதைவிடச் சுத்தம்.
விட்ட எலும்பில்,
விட்ட ஓரத்தில் தொடங்கும்.

சாப்பாட்டு நேரத்தில் கெவ்வே
தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
காலுறையைப் பார்த்தாள். கொசுவை நம்பவில்லை.
"நிஜத்தில் எப்படி?"
ஒரு மீன் துண்டு தின்னும் நேரம் யோசித்தேன்.
கத்த மாட்டோம், என்றேன்.
கத்த மூச்சு வேண்டும். மூச்சு விட்டால் விலா நகரும்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து
கூரைத் தகட்டின் ஆணிகளை எண்ணுவோம்.
நர்ஸ் வருவாள்.
இவ்வளவு அமைதியாக இருக்கிறாளே,
பெரிய வலி இருக்காது என்று
எழுதிவிட்டுப் போவாள்.

ஐந்தாம் டேக்.
கெவ்வே கத்தவில்லை.
சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.
உதடு மட்டும் எண்ணியது: பதினொன்று, பன்னிரண்டு.
எனக்கு முழங்கால் குளிர்ந்தது.
எபுபே மானிட்டரிலிருந்து நிமிர்ந்தார்.
"ஒன்றுமே நடக்கவில்லையே."
நான்காம் டேக்கையே வைத்துக்கொண்டார்கள்.

சாகும் காட்சி.
ஜன்னலைப் பார்க்கும் ஷாட்டில்
அவள் கைக்கடிகாரம் இடது மணிக்கட்டில்.
மதிய இடைவேளைக்குப் பிறகு
கண் மூடிய ஷாட்டில், வலதில்.
பார்த்தேன்.
பேனாவை மூடி டப்பாவில் போட்டேன்,
மாத்திரைகளோடு.

ஜூலை மழை எலும்புக்குள் இறங்கியபோது
சலைன் நாற்காலியில் நான்.
சுவர் டிவியில் அந்தப் படம்.
ரிமோட்டில் பேட்டரி இல்லை.
பக்கத்து நாற்காலியில் ஒன்பது வயது டுபெம்;
அவன் அம்மா டிவியை மறைத்து நிற்கிறாள்,
அவன் அவள் இடுப்பைச் சுற்றி எட்டிப் பார்க்கிறான்.
"அவளுக்கும் எனக்கு இருக்கிறதுதானே? செத்துப்போவாளா?"
என்னைத்தான் கேட்டான்.

"கடிகாரத்தைப் பார்."

பார்த்தான்.
ஷாட் மாறியது. மறுபடி பார்த்தான்.
"கை மாறியிருக்கு!"
"செத்துப்போனவள்
எழுந்து கழற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு
மறுபடி படுத்திருக்கிறாள்" என்றேன்.

சிரித்தான்.
ஊசி இழுத்து முகம் சுளித்தான்.
அதற்கும் சேர்த்துச் சிரித்தான்.
எனக்கு விலாவில் சுரீர் என்றது, விடவில்லை நானும்.

கதவோரம் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்,
இரண்டு பேர் சிரிக்கிறோம்,
சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.