இரவல் நடுக்கம்

மிஸ்டர் பிளம்லியின் தொப்பிக்கு
ஒன்பது கோடு. எண்ணி வாங்கிக்கொண்டேன்.
நாய்க்கு இடது காது மடங்கியிருக்க வேண்டும்.
மனைவி சமையலறைக் குரல் மட்டும்;
முகம் கிடையாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது.
யாருக்கும் வயது ஏறக் கூடாது.

டொலீடோவில் அது ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பிப்ரவரி.
வெண்டல் ஹார்க்னெஸ் செத்துப் பதினோரு நாள்.
அவர் வரைந்து வைத்தது
இன்னும் நாலு வாரத்துக்கு வரும் என்றார்கள்.
அதற்குள் நான் அவராகிவிட வேண்டும்.

எல்லாம் வந்தது. கோடு மட்டும் வரவில்லை.
"ரொம்ப நேராக இருக்கிறது" என்றார் ஆசிரியர்.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
கடைசி ஆறு வருஷம்
அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது.
நோய்.
வாசகர்கள் அதைப் பாணி என்று நேசித்திருக்கிறார்கள்.

ஆகவே நடுங்கக் கற்றேன்.
ஓடும் வாஷிங் மெஷின்மேல் பலகை போட்டு,
ஜனவரியில் ஹீட்டரை அணைத்துவிட்டு.
"நல்லா இருக்கிற மனுஷன் செய்கிற வேலையா இது"
என்பாள் பெர்னிஸ், ஸ்வெட்டரோடு வந்து.
கீழே அவர் பெயர்தான், பன்னிரண்டு வருஷம்.
ஒருமுறை காசோலையிலும் அதையே போட்டுவிட்டேன்.
வங்கி திருப்பி அனுப்பியது.

சாண்டஸ்கியிலிருந்து மிஸஸ் ட்ரெக்ஸ்லர்
மாதம் தவறாமல் எழுதுவாள்:
காது மாறிவிட்டது, தொப்பி வீங்கிவிட்டது,
ஹார்க்னெஸ் இருந்தால் இப்படி வராது.
ஒரு விடுமுறை வாரம்
ஹார்க்னெஸ் வரைந்ததையே எடுத்துப் போட்டோம்.
அதற்கும் எழுதினாள்: இது அவர் இல்லை.

பெர்னிஸ் போன அன்று
பிளம்லி தபால்பெட்டியில் கையை மாட்டிக்கொண்டார்.
ஆறு வாரம் முந்தி அவள் பார்த்துச் சிரித்தது.
ஆஸ்பத்திரியில் யாரோ
அந்தப் பக்கத்தை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.
அப்புறமும் ஆறு வாரம்
அவள் சிரித்ததெல்லாம் வரிசையாக அச்சில் வந்தது.
ஏழாவது வாரம்
சமையலறைக் குரலை எழுதாமல் விட்டேன்.
நாலு கட்டத்திலும் நாய்
அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.
ஒருவரும் கேட்கவில்லை.

எழுபத்து மூன்று இப்போது.
காப்பிக் கோப்பை தட்டில் கிணுகிணுக்கிறது.
டாக்டர் பெயரைச் சொன்னார்;
ஹார்க்னெஸ்ஸுக்கு இருந்ததேதான்.
பலகையை மெஷினிலிருந்து இறக்கிவிட்டேன்.
பேனாவை வைத்தால் போதும்.

நேற்று சாண்டஸ்கிக் கடிதம்,
அவள் எழுத்தும் கோணல்மாணலாக:
பழைய ஆள் ஒருவழியாகத் திரும்பிவிட்டார்,
எங்கே போயிருந்தார் இத்தனை நாள்?
பின்குறிப்பு: நாயின் காது மட்டும் இன்னும் தப்பு.

செவ்வாய்க்கிழமைப் பேப்பரைத் தேடி எடுத்தேன்.
தப்புதான்.