நிழல், பத்து நாள்

மாட்டு ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால்
மேலே தேங்கும் நீர் மஞ்சளாகத்தான் இருக்கும்.
பயமில்லை, தின்ற புல்லின் நிறம் அது.
ஆடு அந்த மஞ்சளைச் சேர்த்துவைப்பதில்லை.
அதன் கொழுப்பு வெள்ளை, சீரம் வெறும் தண்ணீர்.
ஆட்டில் மஞ்சள் தெரிந்தால்
ஏதோ சொல்ல வந்திருக்கிறது.

வீரணன் கொண்டுவந்த குழாயில்
நல்லெண்ணெய் போல நின்றது.

பங்குனிக் கடைசி. பதினொன்றரை மணி.
நாகமலை அடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
தூக்குச்சட்டியில் ஐஸ் போட்டுப் பொத்திக்கொண்டு வந்திருந்தார்.
"நாப்பத்தோரு உருப்படிம்மா. ஆறு படுத்துருச்சு.
காது பொசுங்குது, மூக்குத்தோலு உரியுது.
பிளாட்டுக் காவக்காரன் தனுஷ்கோடி
ஆசிட்ட ஊத்திட்டான்னு
அவன் மண்டைய ஒடச்சுட்டேன்."

டயசோ கரைசல் விட்டேன்.
ஊக்கியை எடுக்கக் கை நீட்டுவதற்குள்
ரோஜா நிறமாகிவிட்டது குழாய்.

இந்த அவசரத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு.
செத்த சிவப்பணுவின் மிச்சத்தைக்
கல்லீரல் வாங்கியிருக்கிறது,
அமிலம் ஒன்றைக் கோத்து
நீரில் கரையும்படி பக்குவம் செய்து
வாசல்வரை கொண்டுவந்தும் வைத்திருக்கிறது.
வாசல் பூட்டியிருக்கிறது.
பிலிருபின் ஆறு புள்ளி எட்டு.
அரைகூட இருக்கக் கூடாது.

"என்னத்தண்ணே மேஞ்சது?"
"மேய எங்கம்மா இருக்கு?
மஞ்சக்கல்லு நட்டு மனையாக்கிட்டாக.
பச்சையா நின்னது உண்ணிப்பூச் செடி ஒண்ணுதான்."

அது பூட்டிய வாசல்.

இலையின் பச்சையத்தை இரைப்பை உடைக்கும்போது
ஒரு துணுக்கு மிஞ்சும்.
பித்தத்தோடு போய்விட வேண்டியது,
வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி,
மயிர் குறைந்த காதிலும் மூக்கிலும் போய்
வெயிலுக்காக உட்கார்ந்திருக்கும்.
வெளிச்சம் வாங்குவது அதன் பழைய பழக்கம்.
இலைக்குள் அப்படித்தான் மாவு சமைத்தது.
தோலுக்குள் சமைக்க ஒன்றுமில்லை,
தோலே வேகிறது.

இத்தனையும் அவரிடம் எப்படிச் சொல்ல?
"தின்ன பச்சையே சுடுதுண்ணே" என்றேன்.

தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப தனுஷ்கோடிய நான் அடிச்சது?"

அதற்கு எங்களிடம் பரிசோதனை கிடையாது.

நெல்பேட்டையிலிருந்து போன் வந்தது.
ஆறையும் இன்றைக்கே தந்தால் எட்டாயிரம்.
இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.
டாக்டர் சீட்டெழுதினார்:
கரித்தூள் கரைத்துப் புகட்டவும்.
பச்சை காட்டாமல் கடலைக்கொடி, சோளத்தட்டை.
கடைசி வரியில்: நிழல், பத்து நாள்.
வீரணன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
"இத எந்த மெடிக்கல்லம்மா குடுப்பாக?"

எட்டாம் நாள் ரத்தம் எடுக்க நானே போனேன்.
மரம் என்று ஒன்றில்லை.
கருவேலங்காட்டையும் ஜேசிபி வழித்திருந்தது.
சாக்கடைக்கென்று இறக்கிய
சிமெண்ட் குழாய்கள் மட்டும் வரிசையாகக் கிடந்தன,
இன்னும் எதுவும் ஓடாத குழாய்கள்.
உள்ளே நான்கு ஆடுகள்.
இரண்டு செத்துப்போயின,
அந்தத் தோலைத் தோல்காரனும் எடுக்கவில்லையாம்.

குழாய் வாய்களில் ஈரச்சாக்கு தொங்கியது.
நெற்றியில் பிளாஸ்டருடன் ஒருவர்
குடத்தோடு வந்து சாக்கை நனைத்துவிட்டுப் போனார்.
வீரணனைப் பார்க்கவில்லை.
வீரணனும் தரையைத்தான் பார்த்தார்.
"கேட்டீங்களா?" என்றேன்.
"கேக்கலம்மா. ராத்திரி மேய்ச்சு ஓட்டியாந்தேன்,
அவனே சாக்கக் கட்டிக்கிட்டு இருந்தான்.
பேச்சு வார்த்தை இல்ல."

மாலை. ஆய்வகத்தில் யாருமில்லை.
நான்கு குழாயிலும் கரைசல் விட்டேன்.
உடனே ஒன்றும் நடக்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காமல் இருந்தது
நன்றாக இருந்தது.