பதினோராம் பாகம்

நவம்பரின் இரண்டாம் சனிக்கிழமை.
ஊலு நகரத்தில் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும்.
தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடம்,
மணிக்கு இருபது யூரோ வாடகை.
வாசலில் பூட்ஸ்களின் பனி உருகி ஓட
உள்ளே நாங்கள் பதினேழு பேர்,
சாம்பல் நிறச் சட்டை,
ஒன்பது பித்தளைப் பொத்தான்கள்.

'ஒன்பதாம் விளக்கு', கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
எண்பத்து மூன்றில் தொலைக்காட்சியில் வந்த தொடர்.
ஏதோ ஒரு நிலவில் ஒரு கலங்கரை விளக்கம்,
அதைக் காக்க நான்கு பேர்,
வராத கப்பல்கள்.
இருபத்தாறு பாகம் என்று சொல்லிவிட்டுப்
பதினான்கோடு நிறுத்திவிட்டார்கள்.
பதினோராம் பாகத்தின் நாடாவை அழித்து
அதன்மேல் யாரோ
பனிச்சறுக்குப் போட்டியைப் பதிந்துவிட்டார்கள்.

அந்தப் போட்டியில் வென்றவன் பெயர்
இந்தக் கூடத்தில் இன்றைக்கும் கெட்ட வார்த்தை.

தொலைந்த பாகத்தில் ஒரு கதவு உண்டு.
தளபதி அதைத் திறந்தாள் என்பது ரைலி.
தானாகத் திறந்தது என்பது ஓஸ்மோ.
இருபத்திரண்டு வருடப் பகை.
ஆனாலும் ரைலியின் காரில்தான் ஓஸ்மோ வருவார்,
ஹெல்சிங்கியிலிருந்து அறுநூறு கிலோமீட்டர்,
வழியெல்லாம் வாய்ச்சண்டை,
பெட்ரோல் சரிபாதி.

ஹில்க்காவுக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாது.
பிள்ளைகள் உண்டா, கேட்டதில்லை.
ஆறாம் பாகத்தில் பதினெட்டாம் நிமிடம்
அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள்,
அது தெரியும்.
அதற்கு முன்பே கைக்குட்டையை நீட்டப்
பக்கத்தில் ஆள் இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
எனக்கு அந்தத் தொடர் பிடிக்காமல் போய்
ஒன்பது வருடமாகிறது.
துணி மடித்தபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை
முழுவதையும் மறுபடி பார்த்தேன்.
அட்டைச் சுவர் ஆடியது.
விண்கலத்தைத் தூக்கிய நூல் தெரிந்தது.
தளபதி பேசியது
மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை
வாசிப்பது போலிருந்தது.
பால் திரிவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.
அடுத்த நவம்பரில்
கழன்ற பொத்தானைத் தைத்துக்கொண்டு
ரயிலேறினேன்.

இரவு எட்டு மணிக்கு, வழக்கம்போல,
தொலைந்த பாகத்தை நடித்துப் பார்ப்போம்.
சிறுவயதில் பார்த்தவர்கள் நினைவிலிருந்து எடுத்துக்கொடுக்க
மற்றவர்கள் ஒட்டுப்போடுவார்கள்.
மூத்த காவலராக எப்போதும் தூரே.
மேசை விளக்கைத் தொட்டுக்கொண்டு அவர் சொல்வார்:
"கப்பல் வராவிட்டால் என்ன,
நேரம் வருகிறதே. ஏற்று."
அந்த இடத்தில் கூடமே சேர்ந்து சொல்லும்.
நானும்.

முடிந்ததும் கோட்டு மாட்டும் இடத்தில்,
ஒரு கால் பூட்ஸுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே,
தூரே என்னிடம் சொன்னார்:
"நான் இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை.
ஒரு பாகம்கூட."

பதினேழு வருடத்துக்கு முன்
பக்கத்து அறைச் சதுரங்கக் கழகத்துக்கு வந்தவராம்.
தவறான கதவு.
தட்டுவதற்குள் திறந்துவிட்டது.
ஏலக்காய் பன் ஒன்றைக் கையில் திணித்து
யாரோ கேட்டார்கள்:
"நீங்களே சொல்லுங்கள், தானாகத்தானே?"
"ஆமாம்" என்றாராம், மரியாதைக்கு.
ஓஸ்மோ கட்டிப்பிடித்துக்கொண்டாராம்.
"அதற்கப்புறம் எப்படியம்மா எழுந்து போவது?"

"அப்படியானால் அந்த வசனம்?"

"கேமி பாதையில் சிக்னல்காரனாக இருந்தபோது
ராத்திரிகளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது.
முதல் வருடம் வாய்தவறி வந்துவிட்டது.
'அதுதான், அதேதான்' என்று
எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்."

என் முறை அது. என்னுடையதைச் சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது.

"கதவைத் தளபதிதான் திறந்தாள்" என்றேன்.

"இல்லவே இல்லை" என்றார் தூரே,
இன்னொரு பூட்ஸையும் மறந்து.
"தானாகத்தான்."

வெளியே மைனஸ் பதினான்கு.
நிறுத்தம்வரை விடவில்லை அவர், நானும் விடவில்லை.
எட்டாம் எண் பேருந்து
எங்களைப் பார்த்து ஒருமுறை கதவைத் திறந்தது,
மூடிக்கொண்டு போய்விட்டது.