எண் இல்லாத வழக்கு

தம்புச் செட்டித் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
இருபத்திரண்டு வருஷமாக நான் குமாஸ்தா.
சட்டைப் பையில் எப்போதும் நாளைய பட்டியல்:
எந்த அறை, எத்தனையாவது, யார் பெஞ்ச்.

முந்தின வருஷம் ஆடியில் அம்மாவின் பெயர் போனது.
அமலோற்பவம், ராயபுரம், வயது நாற்பத்தொன்பது.
மூன்று நீதிபதிகள் பேசி முடித்துக் கையெழுத்திட்ட
ஐந்து பெயர்களில் இரண்டாவது.
வருமான வரிக் காகிதம், வென்ற தீர்ப்புகள், தோற்றவையும்,
எல்லாம் நான்தான் நகலெடுத்தேன்.
ஃபைல் கோட்டையைத் தாண்டியது என்றார்கள்.
டெல்லியில் இறங்கியது என்றார்கள்.

பிறகு ஒரு ஆள் வந்தார். அரைக்கைச் சட்டை.
கீழே டீ குடித்தார், சில்லறை சரியாக வைத்தார்.
இஸ்திரிக்காரரிடம் கேட்டாராம்,
அந்தம்மா எந்தக் கூட்டத்துக்கெல்லாம் போகும்?
"கறுப்பு கோட்டுல காலர் நைஞ்சிருக்கு சார்,
நீங்களாவது மாத்தச் சொல்லுங்க."
அது குறிப்பில் ஏறியதா, தெரியவில்லை.

ஜட்ஜாகப் போகிறவரிடம் யார் புது வழக்கு தருவார்கள்?
ஜூனியர் இருவரும் வேறு சேம்பர் பார்த்துக்கொண்டார்கள்.

வாய்தா எனக்குப் புதிதல்ல.
ஆனால் எந்த வழக்குக்கும் ஒரு எண் உண்டு,
சீட்டை நீட்டினால் செக்‌ஷனில் யாராவது முணுமுணுப்பார்கள்.
இதற்கு எண் இல்லை.
எதிர்த்தரப்பு யாரென்றும் தெரியாது.
யார் முன்னால் போய் மென்ஷன் செய்வது?

பதினாறாம் மாதம், கார்த்திகை மழை, இரவு ஒன்பது மணி,
என் போனுக்கும் யாரோ அனுப்பினார்கள்.
ஒன்று. மூன்று. நான்கு. ஐந்து.
பட்டியல் படித்தே வயிறு வளர்த்தவன் நான்.
திரையை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

பதவியேற்புக்கு அம்மா போனார், நாலாவது வரிசை.
நால்வருக்கும் கைகொடுத்தார், காபி குடித்தார்,
திரும்பி வந்து கடிதம் அடிக்கச் சொன்னார்:
என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.
'வருத்தத்துடன்' என்று நானாகச் சேர்த்திருந்தேன்.
பேனாவால் அதை அடித்தார்.

இன்று புளியந்தோப்பு அஞ்சலாட்சி வந்திருந்தாள்.
கணவன் சாக்கடைக் குழியில் போய் ஏழு வருஷம்,
நஷ்டஈடு பாக்கி.
அறை பூட்டியிருந்தது. ஜட்ஜ் பத்தலை என்றேன்.
"ஏன் சார், இவ்ளோ பெரிய ஊர்ல
ஒருத்தர்கூடவா கிடைக்கல?"

அம்மா பக்கத்தில்தான் நின்றார்,
கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.
தேதி குறிச்சுக்கோங்க, என்றார்.