பதினான்காம் நொடி

புதிய பதிப்பில் வீடியோவுக்குக் காது முளைத்திருக்கிறது.
போன மாதம்வரை
ஓடு என்றால் ஓடும், முடிந்தால் கறுக்கும்,
நடுவில் கூப்பிட்டால் திரும்பாது.
இப்போது எந்த நொடியிலும் ஒரு கொக்கி மாட்டலாம்;
நொடி வந்ததும்
என் ஸ்கிரிப்டைத் தட்டி எழுப்பும்.

டர்பன் துறைமுகம், கிரேன் பயிற்சி அறை.
பன்னிரண்டு, பதின்மூன்று,
பதினான்கில் பூட்டு நழுவி
நீலக் கன்டெய்னர் விழும்.
அதற்குள் சிவப்புப் பட்டனை அழுத்தினால்
நிற்கவேண்டும்.
ஒரு 'என்றால்', ஒரு 'இல்லையேல்'.
இடையில் விட்டுப்போன அரைப்புள்ளியைத் தேடி
இரண்டு இரவு.

சோதித்துப் பார்க்கத் துலானியை உட்காரவைத்தேன்.
வலக்கையில் மூன்று விரல்தான்;
மௌஸை இடப்பக்கம் மாற்றிக்கொண்டான்.
அழுத்தினான். நின்றது.
பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டான்.
அழுத்தினான். நின்றது.
மறுபடி.
'அடுத்த பாடம்' ஓரத்தில் மினுக்கிக்கொண்டே இருக்க
அவன் அந்தப் பக்கம் போகவேயில்லை.

எத்தனையாவது தடவையோ, கேட்டான்:
"நின்ற பிறகு, கோகி?"

கன்டெய்னர் காற்றில்.
அடியில் ஒரு மஞ்சள் தொப்பி
அண்ணாந்து பார்த்தபடி.

ஸ்கிரிப்டைத் திறந்து கீழே உருட்டினேன்.
அந்த அடைப்புக்குறிக்குள்
நான் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.